கொட்டியார்க்குடாச் சேறு, புல்மோட்டை மணல்: உலையிலிருந்து வந்த மூலகச் செறிவுகளை எப்படிச் சரிபார்ப்பது?

கிண்ணியா வண்டல் கேட்டது:

வணக்கம். கொட்டியார்க்குடாவின் அடியில் எடுத்த சேறும் புல்மோட்டைப் பக்கத்துக் கடற்கரை மணலும் நியூத்திரன் செயலூட்டல் பகுப்பாய்வுக்காக (மாதிரியை அணு உலையில் நியூத்திரனால் கதிரூட்டி, பிறகு அது விடும் காமாக் கதிர்களை எண்ணி மூலகங்களை அளக்கும் முறை) வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றின் ஆய்வு உலைக்குப் போய், முடிவுகள் வந்திருக்கின்றன. இலங்கையில் உலை இல்லாததால் நேரில் போய்ப் பார்க்க வழியில்லை. மூன்று விடயங்கள் இடிக்கின்றன.

ஒன்று, ஒரே போத்தலிலிருந்து இரண்டு குறிகளில் அனுப்பிய மணலில் தோரியம் ஒன்றில் 19, மற்றதில் 34 மி.கி./கி.கி. பக்கத்தில் போட்டிருக்கும் ± இரண்டிலும் 1 ஐத் தாண்டவில்லை. இரண்டு, மணலில் ஸ்கண்டியமும் குரோமியமும் எதிர்பார்த்ததைவிட உயர்வு. மூன்று, சேற்றில் எல்லா மூலகமும் பழைய அறிக்கைகளைவிடக் கொஞ்சம் கொஞ்சம் குறைவு, சோடியம் மட்டும் கூட.

அடுத்த தொகுதியை அனுப்பும் முன் இங்கே என்ன செய்ய வேண்டும், ஆய்வுகூடத்திடம் என்ன கேட்க வேண்டும்? மணலை அரைத்தது தங்ஸ்தன் காபைட் கிண்ணத்தில். மாதிரி நிறை 100 மி.கி.


காமா உச்சி எழுதியது:

முதலில் அந்த ±. அநேகமாக அது எண்ணிக்கைப் புள்ளியியல் மட்டும்தான். காமா நிறமாலையில் அந்த மூலகம் காட்டும் உச்சியின் பரப்பு 10,000 எண்ணிக்கை என்றால் 1% வரும், அதை அப்படியே அச்சடித்து அனுப்பிவிடுவார்கள். நிறுத்தலில் வந்தது, ஈரப்பதனில் வந்தது, நியமத்தின் (ஒப்பிட வைக்கும், செறிவு தெரிந்த பொருளின்) செறிவில் இருப்பது, கதிரூட்டும் குப்பிக்குள் நியூத்திரன் பாயம் (வினாடிக்கு ஒரு பரப்பைக் கடக்கும் நியூத்திரன் அளவு) மேலுக்கும் கீழுக்கும் மாறுவது, டிடெக்டர் முன் மாதிரி இருந்த உயரம் எதுவும் அதற்குள் இல்லை. ஒழுங்காக நடத்தப்படும் ஆய்வுகூடத்தில் இவற்றின் வர்க்கங்களைக் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் பெரும்பாலான மூலகங்களுக்கு 3 முதல் 5% வரும். 1% என்று எழுதியிருந்தால் அந்த ± எதைக் குறிக்கிறது என்று எழுத்தில் கேளுங்கள்.

இது ஏன் முக்கியம் என்பதற்கு ஒரு கணக்கு. சான்றுபெற்ற நியமப் பொருளில் லந்தனம் 28 ± 1 என்று (95% இல்) சான்றிதழ் சொல்கிறது, ஆய்வுகூடம் 30.1 ± 0.3 என்று தருகிறது என்று வையுங்கள். வித்தியாசம் 2.1. அதை √(0.3² + 0.5²) ஆல் வகுத்தால் (0.5 என்பது 95% இல் தந்த 1 இன் பாதி) 3.6. தோல்வி. அதே ஆய்வுகூடம் தன் முழு நிச்சயமின்மையை நேர்மையாக 3.5% என்று சொல்லியிருந்தால் அதே வித்தியாசம் 1.8 ஆகும். 2 க்குள் இருப்பதால் ஏற்கலாம். அளந்த பெறுமானம் ஒன்றே, தீர்ப்பு இரண்டு. நிச்சயமின்மை இல்லாத எண்ணைச் சரியென்றும் சொல்ல முடியாது, பிழையென்றும் சொல்ல முடியாது.

கேட்க வேண்டியவை: எந்தக் கதிரூட்டல் இடம், கதிரூட்டிய நேரம், முடிந்ததிலிருந்து எண்ணத் தொடங்கும்வரை போன நேரம், எண்ணிய நேரம், டெட் டைம் (ஒரு காமாவைப் பதியும்போது டிடெக்டர் அடுத்ததைப் பதியாமல் விடும் நேரத்தின் பங்கு), டிடெக்டரிலிருந்து தூரம், எந்தக் காமா உச்சியிலிருந்து எந்த மூலகம். இதோடு மூல நிறமாலைக் கோப்புகளையும் கேளுங்கள். சாதாரண ஆய்வுகூடம் எதுவும் மறுக்காது.

நேரத்தைக் கேட்பதற்குக் காரணம் உண்டு. அலுமினியம்-28 இன் அரைவாழ்வுக் காலம் 2.24 நிமிடம். கதிரூட்டல் முடிந்த கணத்தைப் பத்து வினாடி பிழையாகக் குறித்தால் அலுமினியத்தில் 5% போய்விடும். வனேடியம்-52 க்கு 3.74 நிமிடம், டைட்டேனியம்-51 க்கு 5.76 நிமிடம், அங்கே பிழை அதற்கேற்பக் குறையும். ஆகவே ஒரு நியமப் பொருளில் அலுமினியம் பெரிதாகவும் வனேடியம் அதைவிடச் சிறிதாகவும் டைட்டேனியம் இன்னும் சிறிதாகவும் ஒரே திசையில் விலகினால் கடிகாரத்தைப் பாருங்கள், அல்லது எண்ணும்போது டெட் டைம் வேகமாக விழுந்ததற்குத் திருத்தம் செய்தார்களா என்று பாருங்கள். குறுங்கதிரூட்டலில் மணல் மாதிரி 30% டெட் டைமில் தொடங்கி சில நிமிடத்தில் 8% க்கு வந்துவிடும். சராசரி டெட் டைமை வைத்துத் திருத்தினால் குறுகிய ஆயுளுள்ள மூலகம் குறைந்துதான் வரும்.

இன்னொன்று, அளவீட்டை நிலைநாட்டப் பயன்படுத்திய நியமப் பொருளையே தரக்கட்டுப்பாட்டுக்கும் காட்டினால் அது எப்போதும் ‘சரி’ என்றுதான் வரும். இரண்டும் வேறு போத்தல், முடிந்தால் வேறு நிறுவனம். ஐ.எஸ்.ஓ. 17025 (ஆய்வுகூடத் தகுதி) சான்று இருக்கிறது என்ற ஒரு வரியோடு திருப்திப்படாமல், நீங்கள் கேட்கும் மூலகங்களும் உங்கள் மாதிரி வகையும் அந்தச் சான்றின் எல்லைக்குள் இருக்கின்றனவா என்று பாருங்கள். சர்வதேச அணுசக்தி முகவரகம் நெதர்லாந்தின் வாகெனிங்கன் ஆய்வுகூட ஒப்பீட்டுத் திட்டத்தோடு சேர்ந்து நியூத்திரன் ஆய்வுகூடங்களுக்குத் திறன் ஒப்பீட்டுச் சுற்றுகள் நடத்தியிருக்கிறது. அப்படியான சுற்றில் அவர்கள் பெற்ற இசட் மதிப்பெண்ணை (ஏற்ற பெறுமானத்திலிருந்து எத்தனை நியம விலகல் தள்ளி என்பதை) மூலகவாரியாகக் கேட்கலாம். 2 க்குள் நல்லது, 3 க்கு மேல் திருத்த நடவடிக்கை எடுத்த பதிவு இருக்க வேண்டும்.


கனிம மணல் எழுதியது:

தோரியம் 19, 34 விடயத்தில் ஆய்வுகூடத்தைக் குறை சொல்ல அவசரப்படாதேங்கோ. அது மணலின் குணம். கணக்குப் போட்டுப் பார்ப்பம்.

புல்மோட்டை மணலில் இல்மனைட், ரூட்டைல், சிர்கோனோடு கொஞ்சம் மொனசைட்டும் இருக்கிறது. சரியாக அரைபடாத மொனசைட் மணி ஒன்றை 150 மைக்ரோமீற்றர் விட்டமுள்ள கோளமாக எடுங்கோ. அடர்த்தி 5.1 என்றால் நிறை ஏறக்குறைய 9 மைக்ரோகிராம். அதில் தோரியம் 8% என்று வைத்தால் 0.72 மைக்ரோகிராம். உங்கள் 100 மி.கி. மாதிரிக்குள் அந்த ஒரு மணி விழுந்தால் தோரியம் 7.2 மி.கி./கி.கி. கூடும். இரண்டு மணி வித்தியாசம் வந்தாலே உங்கள் 19 உம் 34 உம் வந்துவிடும். டிடெக்டரும் உலையும் இதில் ஒன்றும் செய்ய முடியாது. இரண்டு பெறுமானமும் அந்தந்தக் குப்பிக்குச் சரியானவைதான்.

மணிகளின் எண்ணிக்கை எழுமாறாக விழுவதால் விலகல் எண்ணிக்கையின் வர்க்கமூலத்தோடு போகும். மொனசைட்டிலிருந்து வரும் தோரியம் 20 மி.கி./கி.கி. என்றால் 100 மி.கி. இல் சராசரி மூன்று மணிக்கும் குறைவு, விலகல் 60%. அதையே 50 மைக்ரோமீற்றருக்கு அரைத்தால் ஒரு மணி 27 துண்டாகும், சராசரி 75 துண்டு, விலகல் 11 - 12%. அரைத்ததோடு நிறையையும் 500 மி.கி. ஆக்கினால் 375 துண்டு, 5% அளவுக்கு இறங்கும். சிர்கோனியம், ஹாஃப்னியத்துக்கும் இதே கதைதான்: 150 மைக்ரோமீற்றர் சிர்கோன் மணி ஒன்று 100 மி.கி. மாதிரியில் சிர்கோனியத்தை 40 மி.கி./கி.கி. உயர்த்தும்.

ஆகவே நன்றாக நைய அரைப்பதுதான் உங்கள் தரக்கட்டுப்பாட்டின் முதற்படி. ஆனால் தங்ஸ்தன் காபைட் வேண்டவே வேண்டாம். இல்மனைட்டும் சிர்கோனும் கடினம், கிண்ணத்தைச் சுரண்டும். தங்ஸ்தனோடு கோபால்ட்டும் தந்தாலமும் மாதிரிக்குள் வரும். கோபால்ட் எண் அதோடு பயனில்லை. தங்ஸ்தன்-187 முதல் சில நாட்களுக்கு நிறமாலையை நிரப்பும், தந்தாலம்-182 மாதக்கணக்கில் நிற்கும். உருக்குக் கிண்ணம் இரும்பு, குரோமியம், மங்கனீசைத் தரும். சிர்கோனியாக் கிண்ணம் சிர்கோனியத்தையும் ஹாஃப்னியத்தையும் தரும். அகேட் உரல் அல்லது அகேட் பந்து ஆலைதான் சரி, வருவது சிலிக்கா மட்டும். அரிப்பதற்குப் பித்தளை அரிதட்டு வேண்டாம், நைலோன் வலை போதும். வலையில் தங்குவதைத் திருப்பி அரைத்து முழுவதையும் கடத்த வேண்டும், எறியக் கூடாது. எறிந்தால் எறிவது பாரக் கனிமங்களைத்தான்.

ஒவ்வொரு மாதிரிக்கும் இடையில் தூய குவார்ட்ஸ் மணலை அரைத்துக் கழுவுங்கோ. கடைசியாக அரைத்த குவார்ட்ஸை ஒரு மாதிரி போலக் குறியிட்டு அனுப்பினால் அரைக்கும் இடத்தில் என்ன கலந்தது என்று தெரியவரும்.

அரைத்த தூளைப் போத்தலோடு மேசையில் தட்டாதேங்கோ. தட்டினால் பாரமானது கீழே போய்விடும். கடுதாசியில் பரப்பி நாலாகப் பிரித்து, எதிரெதிர்ப் பங்குகளைச் சேர்த்து எடுப்பதுதான் நம்பகமான வழி.


கிண்ணியா வண்டல்:

மிக்க நன்றி அண்ணா. தங்ஸ்தன் பற்றி யாரும் சொல்லவில்லை. ஸ்கண்டியமும் குரோமியமும் மணலில் மட்டும் உயர்வதும் கிண்ணத்தால்தானா?


காமா உச்சி:

இல்லை, தங்ஸ்தன் காபைட்டால் ஸ்கண்டியம் வராது. இது உலைக்குள் நடப்பது.

நாம் எதிர்பார்ப்பது மெதுவான நியூத்திரனை அணுக்கரு உறிஞ்சும் தாக்கத்தை. உலைக்குள் வேகமான நியூத்திரன்களும் உண்டு. அவை வேறொரு மூலகத்திலிருந்து அதே கதிர்த்தொழிற்பாட்டுச் சமதானியை உண்டாக்கும். இல்மனைட்டில் நிறைப்படி இரும்பு ஏறக்குறைய 37%, டைட்டேனியம் 32%. டைட்டேனியம்-46 ஒரு வேகமான நியூத்திரனை வாங்கி ஒரு புரோத்தனைத் தள்ளினால் ஸ்கண்டியம்-46. இரும்பு-54 ஓர் அல்பாவைத் தள்ளினால் குரோமியம்-51. காமா சக்தி, அரைவாழ்வுக் காலம் எல்லாம் உண்மையான ஸ்கண்டியம், குரோமியத்திலிருந்து வந்தது போலவே இருக்கும். நிறமாலையைப் பார்த்துப் பிரிக்க வழியே இல்லை.

ஆனால் சாட்சி உண்டு. டைட்டேனியம்-48 இலிருந்து, புரோத்தனைத் தள்ளும் இதே வழியில், ஸ்கண்டியம்-48 உருவாகும். 983.5, 1037.5, 1312 கே.இ.வி. (காமாவின் சக்தி அலகு) இல் உச்சிகள், 43.7 மணித்தியால அரைவாழ்வு. சாதாரண உறிஞ்சலால் ஸ்கண்டியம்-48 வராது. நான்காம், ஐந்தாம் நாள் எடுத்த நிறமாலையில் இந்த மூன்றும் தெளிவாக நின்றால் உங்கள் ஸ்கண்டியத்தில் ஒரு பங்கு டைட்டேனியத்தின் பங்கு. இரும்புக்கு 834.8 கே.இ.வி. இல் மங்கனீசு-54 அதே வேலையைச் செய்யும்.

திருத்தம் செய்ய, தூய டைட்டேனியம், தூய இரும்பு, தூய சிலிக்கா, தூய அலுமினியம் ஆகியவற்றை மாதிரிகள் போகும் அதே இடத்தில் கதிரூட்டி, ‘1% டைட்டேனியம் எத்தனை மி.கி./கி.கி. ஸ்கண்டியமாகத் தெரிகிறது’ என்று ஒரு காரணியை எடுக்க வேண்டும். வேறு உலையின் காரணி உதவாது. மிசூரிப் பல்கலைக்கழகத்தின் 10 மெகாவாட் உலையும் வியன்னாவின் 250 கிலோவாட் திரிகா வகை உலையும் வேறு வேறு. ஒரே உலையிலும் கருவுக்குப் பக்கத்துக் குழாயும் வெளிவளையமும் வேறு வேறு. கருவில் எரிபொருளை இடம் மாற்றினால் காரணியைத் திரும்ப எடுக்க வேண்டும். கேநொட் முறையில் (மூலகம் ஒவ்வொன்றுக்கும் நியமம் வைக்காமல் அட்டவணை மாறிலிகளால் கணக்கிடுவது) வேலை செய்பவர்களுக்கு மெதுவான, இடைவேக நியூத்திரன்களின் பாய விகிதமும், இடைவேக நியூத்திரன்களின் பரம்பலைக் குறிக்கும் அல்பா என்ற எண்ணும்கூட அப்போது மாறும். இந்த அளவீட்டின் கடைசித் திகதியைக் கேளுங்கள். அதைச் சொல்ல முடியாத ஆய்வுகூடத்துக்கு இல்மனைட் அனுப்புவது வீண்.

உங்கள் மாதிரிகளுக்கு முக்கியமான மற்றவை: மணலில் சிலிக்கன்-28 இலிருந்து அலுமினியம்-28. 1% சிலிக்கன் 0.03% அலுமினியமாகத் தெரியும் இடம் என்று வைத்தால், குவார்ட்ஸ் நிறைந்த 40% சிலிக்கன் மணலில் 1.2% அலுமினியம் பொய்யாக வரும். சேற்றில் அலுமினியத்திலிருந்து மகனீசியம்-27; அதோடு அதன் 843.8 உச்சி மங்கனீசு-56 இன் 846.8 உச்சியின் காலடியில் கிடக்கும். மகனீசியத்தை 1014.4 உச்சியில் எடுத்தார்களா என்று பாருங்கள்.

யுரேனியம் பிளவுபடுவதும் கணக்கில் வரும். பிளவில் சிர்கோனியம்-95, மொலிப்டினம்-99, சீரியம்-141 எல்லாம் உண்டாகும். சேற்றில் யுரேனியம் 3 மி.கி./கி.கி. இருந்து, ஒரு பங்கு யுரேனியம் பத்துப் பங்கு சிர்கோனியம் போலத் தெரிந்தால், 30 மி.கி./கி.கி. சிர்கோனியம் பொய். சீரியத்தில் விளைவு சிறிது. மொலிப்டினத்தைத் திருத்தம் இல்லாமல் எடுக்கவே கூடாது.

மொனசைட் செறிந்த மணலில் கடோலினியமும் சமாரியமும் நியூத்திரனை விழுங்கி மாதிரியின் உள்ளே பாயத்தைக் குறைக்கும். கடோலினியம்-157 இன் உறிஞ்சல் குறுக்குவெட்டு ஏறக்குறைய 254,000 பார்ன் (அணுக்கரு நியூத்திரனைப் பிடிக்கும் வாய்ப்பின் அலகு). இதைக் கண்டுபிடிக்க எளிய வழி: அதே தூளில் 50 மி.கி. ஒன்றும் 200 மி.கி. ஒன்றும் அனுப்புங்கள். பெரியதில் எல்லா மூலகமும் ஒரே விகிதத்தில் குறைந்தால் அதுதான். தூய குவார்ட்ஸோடு கலந்து ஐதாக்கி அனுப்புங்கள்.


உப்பளம் எழுதியது:

மூன்றாவது கேள்விக்கு யாரும் வரவில்லை, அது உப்பு.

கொட்டியார்க்குடாச் சேற்றில் பாதி நிறை தண்ணீர் என்று வையுங்கோ. அந்தத் தண்ணீர் 35 கிராம்/கி.கி. உப்புள்ள கடல்நீர் என்றால், உலர்த்தியதும் உலர்நிறையில் 3.5% கடலுப்பு. மற்ற மூலகங்கள் எல்லாம் அதே அளவு ஐதாகி இறங்கும். சோடியம் 1% புள்ளி கூடும். புரோமின் 65 - 70 மி.கி./கி.கி. கூடும். இதைத்தான் நீங்கள் பார்க்கிறீர்கள். மகாவலி முகத்துவாரத்துக்குப் பக்கத்துச் சேற்றில் இது குறையும், சீனக்குடாப் பக்கம் கூடும். அதனால் இடத்துக்கு இடம் செறிவு மாறுவது போல ஒரு பொய்த் தோற்றமும் வரும்.

கழுவுவதா திருத்துவதா என்றால் திருத்துவதே எனக்குச் சரியாகப் படுகிறது. கழுவினால் தளர்வாக ஒட்டியிருக்கும் ஆர்சனிக் போன்றவையும் நுண்துகளும் சேர்ந்து போகும். குறுங்கதிரூட்டலிலேயே குளோரின்-38 கிடைக்கும் (1642, 2168 கே.இ.வி.). குளோரின் சதவீதத்தை 1.8 ஆல் பெருக்கினால் உப்புச் சதவீதம். மற்ற எண்களை (1 − உப்புப் பங்கு) ஆல் வகுங்கோ. சோடியம், மகனீசியம், புரோமினுக்கு முதலில் உப்பின் பங்கைக் கழித்துவிட்டு வகுங்கோ. வெற்றுக் குப்பியின் குளோரினைக் கழிக்க மறக்கக் கூடாது, பொலித்தீனில் அது இருக்கும்.

உப்புக்கு இன்னொரு தீமை உண்டு. சோடியம்-24 இன் அரைவாழ்வு 15 மணித்தியாலம், அது இருக்கும்வரை நிறமாலையின் அடித்தளம் உயர்ந்தே இருக்கும். ஆர்சனிக்-76 க்கு 26 மணித்தியாலம்தான். நான்கு நாள் காத்தால் சோடியம் ஏறக்குறைய 85 இல் ஒன்றாகும், ஆர்சனிக் 13 இல் ஒன்றாகும். எட்டு நாள் காத்தால் ஆர்சனிக்கே மிஞ்சாது. 554 இல் புரோமின், 559 இல் ஆர்சனிக், 564 இல் அன்டிமனி என்று மூன்று உச்சிகள் தோளோடு தோள் நிற்கும். ஆர்சனிக் உங்களுக்கு முக்கியமென்றால் அந்தப் பகுதி நிறமாலையைக் கட்டாயம் கேட்டுப் பாருங்கோ.

ஈரப்பதன்: இங்கத்தைய காற்றில் களிச்சேற்றுத் தூள் தராசிலேயே நிறை கூடும். அனுப்பும் தூளை 40 பாகையில் உலர்த்தி, சிலிக்கா ஜெல் உள்ள உலர்த்திச் சாடியில் வைத்து நிறுங்கோ. அதே நேரம் இன்னொரு பங்கை 105 பாகையில் நிலையான நிறை வரும்வரை உலர்த்தி ஈரப்பதன் சதவீதத்தை எடுத்து, கடைசியில் திருத்துங்கோ. 105 இல் உலர்த்தியதை அனுப்பினால் பாதரசம் போய்விடும்.

ஏற்றுமதிக்குக் கனிம மாதிரி என்றபடியால் புவிச்சரிதவியல் அளவை மற்றும் சுரங்கப் பணியகத்தையும், மொனசைட் இருந்தால் அணுசக்தி ஒழுங்குபடுத்தல் பேரவையையும் முன்கூட்டியே கேட்டுவிடுங்கோ. தூய மொனசைட்டில் தோரியம் 8% என்றால் தோரியம்-232 மட்டுமே கிராமுக்கு 325 பெக்கரல். சாதாரண கூரியரில் போடும் பொருள் அல்ல.


கிண்ணியா வண்டல்:

சான்றுபெற்ற நியமப் பொருள் விலை எங்களுக்குக் கட்டாது. ஒவ்வொரு தொகுதிக்கும் வைக்க வேறு வழி உண்டா? ஈயமும் தேவை, அறிக்கையில் அது இல்லை.


கனிம மணல்:

ஈயம் இந்த முறையில் கிடைக்காது, அதற்கு எக்ஸ்-கதிர் உடனொளிர்வுக்குக் கொடுங்கோ. அதிலேயே இரும்பையும் டைட்டேனியத்தையும் கேளுங்கோ. வேறு முறையில் வந்த அந்த இரண்டு எண்ணும் உலையின் எண்ணோடு ஒத்தால் பெரிய பலம்.

நியமப் பொருளுக்கு: சேறு ஒரு போத்தல், மணல் ஒரு போத்தல் மட்டும் சான்றுபெற்றதாக வாங்குங்கோ, தொகுதிக்கு 200 - 300 மி.கி. தான் போகும், வருடக்கணக்கில் வரும். தினசரிக் காவலுக்கு உங்கள் சொந்தக் கட்டுப்பாட்டுப் பொருளைச் செய்யலாம். குடாவில் ஒரே இடத்தில் அள்ளிய சேறு, உலர்நிறை 2 கி.கி. வரும்படி. உலர்த்தி, அகேட்டில் அரைத்து, 63 மைக்ரோமீற்றர் நைலோன் வலையால் முழுவதும் கடத்தி, பெரிய பொலித்தீன் பீப்பாயில் நாள் முழுக்க உருட்டிக் கலவுங்கோ. பிறகு 20 கிராம் வீதம் அமிலத்தில் கழுவிய போத்தல்களில் அடைத்து இறுக மூடுங்கோ. எழுமாறாகப் பத்துப் போத்தல் எடுத்து, ஒவ்வொன்றிலும் இரண்டு பங்கு அனுப்பி, போத்தல்களுக்கிடையிலான விலகலையும் போத்தலுக்குள்ளான விலகலையும் ஒப்பிட்டால் பொருள் ஒருசீரானதா என்று தெரியும். இதற்குப் பெறுமானம் தருவது சான்றுபெற்ற பொருளோடு ஒரே தொகுதியில் ஓடிய முடிவுகள்.

பிறகு இருபது மாதிரிக்கு இப்படி வையுங்கோ: சொந்தக் கட்டுப்பாட்டுப் பொருள் இரண்டு, சான்றுபெற்றது ஒன்று, இரட்டை மாதிரி இரண்டு சோடி, வெற்றுக் குப்பி ஒன்று, அரைத்த குவார்ட்ஸ் ஒன்று. எல்லாவற்றுக்கும் சாதாரண மாதிரிக் குறிதான். குப்பியின் நிறமோ நிரப்பிய உயரமோ காட்டிக்கொடுக்கக் கூடாது. நிரப்பும் உயரம் எப்படியும் ஒரேயளவாக இருக்கத்தான் வேண்டும்: டிடெக்டருக்கு 2 செ.மீ. இல் எண்ணும்போது மாதிரியின் நடு 1 மி.மீ. உயர்ந்தாலே 3 - 4% குறையும். குப்பிகளை 10% நைத்திரிக் அமிலத்தில் ஓரிரவு ஊறவைத்து, அயனகற்றிய நீரில் அலசி, மூடி உலர்த்துங்கோ.

கட்டுப்பாட்டுப் பொருளின் பெறுமானங்களை மூலகவாரியாக வரைபடத்தில் குறித்து வாருங்கோ. பதினைந்து இருபது புள்ளி சேர்ந்ததும் சராசரியும் நியம விலகலும் போடலாம். இரண்டு நியம விலகலுக்கு வெளியே ஒன்று வந்தால் கவனம், மூன்றுக்கு வெளியே வந்தால் அந்தத் தொகுதியை ஏற்காதேங்கோ. எல்லா மூலகமும் ஒன்றாக ஒரு பக்கம் போனால் நிறை, ஈரப்பதன் அல்லது பாயம். குறைந்த சக்தி உச்சிகள் மட்டும் போனால் டிடெக்டரின் வினைத்திறன் வளைகோடு (எந்தச் சக்தியில் எவ்வளவு பிடிக்கிறது என்பது). ஒரே ஒரு மூலகம் போனால் குறுக்கீடு அல்லது கலப்படம்.


காமா உச்சி:

ஒன்று சேர்க்கிறேன். பாயத்தை அளக்க ஆய்வுகூடம் தன் கம்பிகளை வைத்தாலும் இல்லாவிட்டாலும், குப்பி அடுக்கின் மேலும் நடுவும் கீழும் நிறை தெரிந்த தூய இரும்புக் கம்பித் துண்டு வைக்கச் சொல்லுங்கள். இரும்பு-59 மெதுவான நியூத்திரன் எப்படி மாறியது என்று சொல்லும், மங்கனீசு-54 வேகமானது எப்படி மாறியது என்று சொல்லும். இல்மனைட் மாதிரிக்கு இரண்டாவதும் வேண்டும். மேல் கம்பிக்கும் கீழ்க் கம்பிக்கும் 6% வித்தியாசம் இருந்து, நியமம் கீழேயும் உங்கள் மாதிரி மேலேயும் இருந்திருந்தால், அந்த 6% அப்படியே உங்கள் எண்ணில் இருக்கும். எந்தக் குப்பி எந்த உயரத்தில் இருந்தது என்ற அடுக்குப் படத்தையும் அறிக்கையோடு கேளுங்கள்.